குடையை வெச்சிட்டுப் போ

பதினெட்டு ரூபாய் அறுபது காசு. அந்தக் கடன் இருபத்தாறு வருஷமாக அப்படியே நின்றது. வட்டி ஏறவில்லை, அசலும் குறையவில்லை. வாங்கியவர் சலவை நிலையத்தின் மடிப்புப் பிரிவு மேஸ்திரி. கொடுத்தவர் அதே நிலையத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். சம்பள நாளன்று இருவரும் எதிரெதிரே வந்தால் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"என்ன மாமனாரே, அந்தப் பதினெட்டு அறுபது என்னாச்சு?"

"அடுத்த சம்பளத்துல கண்டிப்பா."

"போன மாசமும் இதத்தானே சொன்னே?"

"போன மாசம் கண்டிப்பான்னு சொல்லலையே."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். டீக்கு பாய்லர்காரர்தான் காசு கொடுப்பார். அது கடனில் சேராது.

மேஸ்திரி யாருக்கும் மாமனார் இல்லை. அவருக்கு ஒரே மகள், அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பட்டப்பெயர் வந்தது ஒரு படத்தால். கடன் வந்ததும் அதே படத்தால்தான்.

பழைய படம். காதலும் கூத்துமாக இரண்டரை மணி நேரம் ஓடும். பெரிய எஸ்டேட் முதலாளியின் மகன் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கி, அவள் வீட்டுக்குள் நுழைய வழி தெரியாமல், துணி எடுத்துப்போகும் சலவை ஆள் வேஷத்தில் வருகிறான். பெண்ணின் அப்பா தொப்பையும் கைத்தடியுமாக இருப்பார். மழையில் நனைந்து நிற்கும் சலவை ஆளிடம் இரக்கப்பட்டுத் தன் குடையைக் கொடுத்தவரும் அவர்தான். விஷயம் தெரிந்ததும் வாசலில் நின்று கத்துபவரும் அவர்தான். "என் வீட்டுத் துணி உன் கையில வரலாம். என் வீட்டுப் பொண்ணு வரக்கூடாது. வெளியே போ!" அவன் தலைகுனிந்து போவான். நாலு அடி போனதும் அப்பா இன்னொரு தடவை கத்துவார்: "குடையை வெச்சிட்டுப் போ!" தியேட்டர் இடிந்து விழும்.

கடைசியில் அவன் நீளமான காரில் வந்து இறங்குவான். அதே அப்பா ஓடிப் போய் அவனுக்குக் குடை பிடிப்பார். சுபம்.

சலவை நிலையத்தில் அந்தப் படத்தை நாலைந்து தடவைக்குக் குறைவாகப் பார்த்தவர்கள் கிடையாது. அவர்கள் வேலையைக் காட்டிய படம் வேறு எது இருக்கிறது? கதாநாயகன் படுக்கை விரிப்பை மடிக்கும் இடத்தில் மற்ற ஜனங்கள் பாட்டைக் கேட்பார்கள், இவர்கள் மட்டும் தலையில் அடித்துக்கொள்வார்கள். "ஐயய்யோ, முனையைப் பாரு! நம்ம மேஸ்திரிகிட்ட இருந்தா மூணு தடவை பிரிச்சு மடிக்க வெச்சிருப்பாரு" என்பாள் ஊக்கு அக்கா. வளையலில் எப்போதும் ஏழெட்டு ஊக்குகள் தொங்கும், அதனால் அந்தப் பெயர்.

மேஸ்திரி அந்தப் படத்தை முதலில் பார்த்தது இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். அப்போது அவர் ஈரத்துணி சுமக்கும் ஆள். மடிப்பு மேசையில் நின்ற ஒரு பெண்ணை அவளுடைய அப்பாவுக்குத் தெரியாமல் மத்தியானக் காட்சிக்கு அழைத்துப் போக வேண்டும். பையில் செல்லாக் காசு கூட இல்லை. பாய்லர்காரர் கொடுத்தார். டிக்கெட் இரண்டு பதினான்கு ரூபாய், டீயும் பன்னும் மூன்று ரூபாய், போகவர பஸ்ஸுக்கு ஒன்று அறுபது. அந்தப் பெண்தான் இப்போது அவர் மனைவி. அவளுடைய அப்பா, "சலவை சோடாத் தண்ணியில வெந்த கை என் பொண்ணு கையைப் பிடிக்கறதா?" என்று வாசலில் நின்று குதித்தார். அந்தக் கோபத்தைச் செரிக்க முடியாமல்தான் இவர் படத்து அப்பாவைப் போல நடித்துக் காட்ட ஆரம்பித்தார். மாமனாரைக் கிண்டல் செய்ய எடுத்த வேஷம். மாமனார் செத்தும் போனார், வேஷம் மட்டும் நிலைத்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது கேட்பார்கள்: "மாமனாரே, ஒரு தடவை!" துண்டைச் சுருட்டி வயிற்றில் செருகி, துடைப்பக்கட்டையைக் கைத்தடியாகப் பிடித்து, "வெளியே போ!" என்று அவர் கத்தியதும் எல்லாரும் சேர்ந்து முடிப்பார்கள்: "குடையை வெச்சிட்டுப் போ!"

எழுத்து வந்ததும் அந்தப் படத்தால்தான். நாற்பது வயதில் மேஸ்திரி வேலை கிடைத்தபோது சீட்டு வாசிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரித் துணி எது, ஓட்டல் துணி எது என்று சீட்டில்தான் இருக்கும். நடைபாதைக் கடையில் அந்தப் படத்தின் கதை வசனப் புத்தகத்தை வாங்கினார். வசனம் முழுக்கத் தலைகீழ்ப் பாடம். வாய் சொல்வதை விரல் தொட்டுத் தொட்டுப் போகும். இது 'வெ', இது 'ளி', இது 'யே'. ஆறு மாதத்தில் சீட்டு வாசித்தார். ஆனாலும் அந்தப் புத்தகத்தில் இல்லாத வார்த்தை எழுதச் சொன்னால் வியர்த்துவிடும்.

நிலையத்தின் நீளக் கூடத்தில் ஒரு கோடியில் பாய்லர். அடுத்தது வெள்ளாவித் தொட்டிகள், பிழியும் இயந்திரம், சூட்டு உருளை, கடைசியில் மடிப்பு மேசைகள். எப்போதும் ஆவி. கூரையில் முட்டிய ஆவி சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் விழும். மழைக்காலத்தில் வெளியே பெய்வதா உள்ளே பெய்வதா என்று தெரியாது. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு விரிப்பு. சோடாவும் வெளுப்பு மருந்தும் பட்டுப் பட்டு எல்லார் விரல் நுனியிலும் தோல் வெடித்திருக்கும். சாப்பிடும்போது காரம் பட்டால் உயிர் போகும்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அதற்கு அங்கே ஒரு முறை உண்டு. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து எதிரெதிரே நின்று உதறுவார்கள். பிறகு பெரியவர் நிற்பார். சின்னவர் நடந்து வந்து தன் முனைகளைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். திரும்ப வருவார், கொடுப்பார், போவார். ஒரு நாளும் இரண்டு பேரும் நடக்க மாட்டார்கள். நடந்தால் துணி தரையைத் தொடும், மறுபடி தொட்டிக்குப் போகும்.

ஒரு நாள் மேஸ்திரி நல்ல சந்தோஷத்தில் இருந்தார். ஆஸ்பத்திரிக் கிடங்கில் துணி எண்ணிக் கையெழுத்துப் போடும் குமாஸ்தாவின் வீட்டார் அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். குமாஸ்தாவின் கை மேஸ்திரிக்கு அத்தனை பிடிக்கும். பேனா மசி தவிர வேறு எதுவும் படாத கை. காய்ந்த கை. மகளும் அம்மாவைப் போல மடிப்பு மேசைக்கே வந்துவிட்டாள். அவளை அந்த ஈரத்திலிருந்து கரையேற்ற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை.

இந்தச் சேதியை அவளிடம் சொல்லலாம் என்று மூன்றாவது மேசைப் பக்கம் திரும்பினார். மகள் விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள். மறுபக்கம் பாய்லர்காரர் மகன். அவனும் அங்கேதான் வேலை. உதறினார்கள். அவள் நிற்கவில்லை. அவனும் நிற்கவில்லை. இரண்டு பேரும் நடந்தார்கள். நடுவில் வந்து சேர்ந்தபோது துணி தரையைத் தொடவில்லை. இருவரும் கையை மார்பு உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். நாலு முனையும் ஒரே இடத்தில் கூடியது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றார்கள்.

ஒரு நாளில் வருகிற பழக்கம் இல்லை அது. எத்தனை நூறு விரிப்பு மடித்திருந்தால் அப்படித் துணி தரை படாமல் வரும் என்று மேஸ்திரிக்குத் தெரியும்.

ரத்தம் தலைக்கு ஏறியது. அவனை நோக்கிப் போனார். வாயைத் திறந்தார். எத்தனையோ சொல்லத் தோன்றியது, ஒன்றும் சொல்லாக வரவில்லை. வந்தது இதுதான்:

"என் வீட்டுத் துணி உன் கையில வரலாம். என் வீட்டுப் பொண்ணு வரக்கூடாது!"

கூடமே திரும்பியது. ஊக்கு அக்கா கைதட்டினாள். "பாருடா, சாப்பாட்டு மணி அடிக்கறதுக்கு முன்னாலேயே மாமனார் ஆரம்பிச்சுட்டாரு!"

"வெளியே போ!" என்று கத்தினார்.

"குடையை வெச்சிட்டுப் போ!" முப்பது பேரும் ஒரே குரலில்.

பையனும் சிரித்தான். வழக்கமாகச் செய்வதைப் போலத் தலைகுனிந்து, இல்லாத குடையை மடக்கி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். மேஸ்திரி பக்கத்துக் கூடையிலிருந்த ஈரத் தலையணை உறையை எடுத்து அவன் முகத்தில் ஓங்கி அடித்தார்.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. தூரத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் நடிப்பாகத்தான் தெரிந்தது. அவன் காதோரம் உறையின் பொத்தான் கிழித்து ரத்தம் வந்த பிறகுதான் ஒவ்வொரு மேசையாக அடங்கியது. பிழியும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. மகள் கையிலிருந்த விரிப்பு தரையில் கிடந்தது.

மேஸ்திரி நேரே பாய்லர் பக்கம் போனார். பாய்லர்காரர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மேஸ்திரி பையிலிருந்து இருபது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

"இந்தா உன் பதினெட்டு அறுபது. இன்னையோட கணக்கு தீர்ந்துபோச்சு. இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. உன் பையன் என் பொண்ணு பக்கம் திரும்பக் கூடாது."

பாய்லர்காரர் நோட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

"அவனை என்ன பண்ணினே?"

மேஸ்திரி நோட்டை இன்னும் முன்னால் நீட்டினார்.

"இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு நாளாவது காசுக்காகவா கேட்டேன்?" என்றார் பாய்லர்காரர். "எனக்கு வேண்டாம். அந்தக் கட்டையில வெச்சிட்டுப் போ. நான் தொடமாட்டேன்."

அழுத்தமானிக்குக் கீழே இருந்த சிமென்ட் கட்டையில் நோட்டை வைத்து, மேலே ஒரு இரும்பு நட்டையும் வைத்துவிட்டு வந்தார். வரும்போதுதான் அவர் சொன்ன அந்த வார்த்தை காதில் உறைத்தது. வெச்சிட்டுப் போ.

வீட்டில் மகள் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் மனைவி ஆரம்பித்தாள். அவள் முட்டிவலி வந்து வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. வீட்டிலேயே பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுவது அவள் வழக்கம்.

"ஏங்க, அந்தப் படத்துல கடைசியில அவன் காரை விட்டு இறங்கலேன்னா என்ன ஆகியிருக்கும்?"

"இப்ப எதுக்கு அந்தப் படம்?"

"சும்மா கேக்கறேன். நெஜமாவே சலவை ஆளாவே இருந்திருந்தா, அந்த அப்பா குடை பிடிச்சிருப்பாரா?"

"எப்படிப் பிடிப்பாரு?"

"அதான். எத்தனை தடவை பார்த்தோம், எப்படிச் சிரிச்சோம்! காரு வந்ததும் கை தட்டினோம். அப்படின்னா நாம யாருக்குக் கை தட்டினோம்?" நூலைப் பல்லால் கடித்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போனவரு பஸ்ஸுலதான் கூட்டிட்டுப் போனாரு. அதுவும் கடன் காசு. காரு எங்கேன்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா?"

"அவ கையைப் பாத்தியாடி நீ? அந்த விரலைப் பாத்தியா? அதுக்குத்தானே நான்..."

"பாத்தேன். என் விரலையும் பாத்திருக்கேன். எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. நீங்க அவரை மாதிரி நடிச்சுக் காமிச்சப்ப நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பாவம், பெத்தவரைப் பார்த்துச் சிரிச்சேன்." அடுத்த பொத்தானை எடுத்தாள்.

மகள் அடுத்த அறையில் இருந்தாள். சுவர் மெல்லியது. எல்லாம் கேட்டிருக்கும்.

அந்த வாரம் பார்த்துத்தானா அந்தப் படம் மறுபடி வர வேண்டும்! பழைய படச் சுருளைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கி, டவுன் தியேட்டரில் போட்டிருந்தார்கள். சலவை நிலையத்தில் இரண்டு மாதம் முன்பே பணம் வசூலித்து, ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு மூன்று வரிசை பிடித்துவைத்திருந்தார்கள். வசூலித்தவரே மேஸ்திரிதான். போகாமல் இருந்தால் அது ஒரு பேச்சாகும். போனார்.

நடு வரிசையில் அவர் இடம். மகள் முன்வரிசையின் ஒரு கோடியில். பாய்லர்காரர் மகன் பின்வரிசையில், காதோரம் பிளாஸ்திரியோடு. பாய்லர்காரர் வரவில்லை, அன்று பாய்லர் அணைந்திருந்தது, வேலை இருந்தது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. மற்ற இடமெல்லாம் இளவட்டங்கள். தாத்தா காலத்துப் படம் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று வந்த கூட்டம். ஆரம்பத்தில் சட்டையையும் தலைமுடியையும் கேலி செய்தார்கள். அரை மணியில் படம் அவர்களையும் பிடித்துக்கொண்டது.

விரிப்பு மடிக்கும் பாட்டு வந்தது. ஊக்கு அக்கா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. யாருமே ஒன்றும் சொல்லவில்லை.

மழை வந்தது. அப்பா வாசலுக்கு வந்தார். மேஸ்திரி நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் திரையில் இருப்பவருக்கு முன்னால் இவர் வாய்தான் திறக்கும்; தியேட்டரே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். இப்போதும் பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வெளியே போ!" என்றது திரை.

"குடையை வெச்சிட்டுப் போ!"

தியேட்டர் இடிந்து விழுந்தது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஜனங்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். நடுவே மூன்று வரிசை மட்டும் சிரிக்கவில்லை. முப்பது பேர், சோடாவில் வெந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தர் விடாமல் சும்மா இருந்தார்கள். அவருக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள். அன்று கூடத்தில் அவர்கள் சிரித்ததைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இதைத் தாங்க முடியவில்லை. திரையில் அவன் நனைந்துகொண்டே போனான். அவன் முகத்தை மேஸ்திரி அன்றுதான் பார்த்தார். இத்தனை நாளும் அந்த இடத்தில் அப்பாவைத்தான் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கதை வசனப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துத் தேடினார். மன்னிப்புக் கேட்கிற வசனம் ஒன்று கூட அதில் இல்லை. கார் வந்ததும் அப்பா சிரிக்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். சலவைச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். இரண்டு எழுத்துக்கு மேல் பென்சில் நகரவில்லை. கிழித்துப் போட்டார்.

மறுநாள் சங்கு ஊதி உருளைகள் சூடாகும் நேரம். பாய்லர்காரர் மகன் அடிபட்ட நாளிலிருந்து தானாகவே பிழியும் பக்கம் போய்விட்டிருந்தான். மேஸ்திரி ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றார்.

"வாப்பா. இந்த முனையைப் பிடி."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தான். மேசைகளில் வேலை நின்றது. உதறினார்கள். அவன் வழக்கப்படி அடியெடுத்து வைக்கப் போனான்.

"நீ நில்லு" என்றார்.

பதினோரு வருஷமாக மேஸ்திரி நடந்து யாரும் பார்த்ததில்லை. நடந்தார். ஆறு அடிதான் இருக்கும். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போவதைப் போல இருந்தது. முனைகளை அவன் கையில் கொடுத்தார். குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். மறுபடி வந்தார். கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. துணி தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. அவன் சட்டென்று கையை உயர்த்திக் காப்பாற்றினான்.

"அன்னிக்கு நான் நடிக்கல" என்றார் மேஸ்திரி. "எல்லாரும் நடிப்புன்னு நெனச்சீங்க. நடிப்பா இருந்திருந்தா நல்லாயிருக்கும். உன்னை அடிச்சேன். அடிச்சிருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியுது."

அவன் சிரிக்கவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை. விரிப்பைப் பார்த்தான். "முனை ஒரு விரல் தள்ளிப் போச்சு மேஸ்திரி."

"பிரி. மறுபடி மடிப்போம்."

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. திரும்பியபோது மகள் எதிரே நின்றாள்.

"அவருகிட்ட சொன்னீங்க. என்கிட்ட?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "குமாஸ்தா வீட்டாரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்மா. காலையிலேயே போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"அது அவங்ககிட்ட சொன்னது. எனக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"கேளுங்க. இங்க இல்ல. வீட்டுல, அம்மா முன்னாடி." அவள் மேசைக்குப் போனாள். குரலில் இளக்கம் இல்லை. ஆனால் எட்டு நாளைக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அது.

இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது. பாய்லர் பக்கம் போகக் கால் வரவில்லை, போனார். கட்டையில் நட்டுக்குக் கீழே நோட்டு அப்படியே இருந்தது. எட்டு நாள் அனலில் காய்ந்து, பொரித்த அப்பளம் போல விளிம்பெல்லாம் சுருண்டிருந்தது. தினமும் அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

பாய்லர்காரர் திரும்பவில்லை. "பையன் வந்து சொன்னான்" என்றார் அழுத்தமானியிடம்.

"அதைத் திருப்பி எடுத்துக்கலாம்னு வந்தேன்."

"எதுக்கு? குடுத்ததைத் திரும்ப எடுப்பியா? அதுவும் அந்தப் படத்துல இருக்கா?"

மேஸ்திரிக்கு முகம் தொங்கிப்போயிற்று. திரும்பிப் போகவும் முடியவில்லை.

பாய்லர்காரர் நட்டைத் தள்ளிவிட்டு நோட்டை எடுத்தார். உடையாமல் இரு கையாலும் மெல்ல நீவி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு நீ குடுத்த விதத்துல நான் வாங்கல. இப்ப வாங்கிட்டேன். பதினெட்டு அறுபது வரவு ஆச்சு." மேலே இருந்த தகர டப்பாவைத் துழாவி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேஸ்திரியின் உள்ளங்கையில் வைத்தார். "மீதி ஒண்ணு நாப்பது. நாப்பது காசுக்கு இப்ப எங்க போறது? அந்தக் காசெல்லாம் செல்லாமப் போயி எத்தனை வருஷமாச்சு."

"இருக்கட்டும், விடு."

"என்ன விடு? கணக்குன்னா கணக்கு. சம்பள நாளைக்கு வந்து கேளு."

அனலில் கிடந்த நாணயம். வெடித்த விரலில் சுட்டது. மேஸ்திரி கையை மூடிக்கொண்டார்.

"கேக்கறேன்" என்றார், இன்னும் தலை நிமிராமலே.